பந்து மேலே நிற்கும்போது

பனையோலை நீத்துப்பெட்டியில் அவிந்த புட்டைத் தட்டிக் கொட்டும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்கிற ஒரு மனுஷியை நான் பருத்தித்துறையில்தான் கண்டேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி அவர். எனக்குச் சொந்த இடம் மானிப்பாய். தாதி வேலையில் மாற்றம் கிடைத்து அந்த ஊருக்குப் போனபோது, கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த அவருடைய வீட்டின் பின்பாதியில் குடியேறினேன். அவருக்கு அப்போது ஐம்பது கடந்திருக்கும். அன்ரி என்று கூப்பிட்டேன். சில நாட்களிலேயே சமையலும் ஒன்றாகிவிட்டது.

"விழுந்திட்டுதோ?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்பார்.

"விழுந்திட்டுது அன்ரி."

"முழுசோ, உதிர்ந்து போச்சோ... வேண்டாம், வேண்டாம், சொல்லாதை. சம்பலை எடு."

சாப்பிடப் போகிற புட்டுத்தானே, ஒரு நிமிஷத்தில் கோப்பையில் தெரிந்துவிடாதா என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். கேட்டால், "அது சாப்பாடு. இது வேறை" என்பார். என்ன வேறோ, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

புட்டு மட்டுமில்லை. எந்த முடிவையும் அவர் கண்ணால் பார்க்கமாட்டார். ஏதாவது ஒன்று முடிவுக்கு வரப்போகிறது என்று தெரிந்தால் நேரே கிணற்றடிக்குப் போய், வாளியைக் கப்பியில் விட்டு இழுத்து இழுத்து வாழைகளுக்கு ஊற்றுவார். வீட்டில் தண்ணீர்ப் பம்பி இருந்தது. அந்த நேரத்தில் அதைத் தொடமாட்டார். பக்கத்து மைதானத்தில் கரப்பந்தாட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்து பொடியன்கள் கத்தினால், வாழைக்குத் தண்ணீர். தேர்தல் முடிவு வருகிறதா, வாழைக்குத் தண்ணீர். ஒழுங்கைப் பிள்ளைகளின் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் வாழையடி குளமாகிவிடும். எங்கள் வீட்டுக் கதலி அந்தப் பருமனில் குலை போட்டதற்கு, படித்த பிள்ளைகள்தான் காரணம் என்று நான் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார்.

தொலைக்காட்சி நாடகத்தைப் பின்னேரம் தவறாமல் பார்ப்பார். முடியப் போகிறதென்று விளம்பரம் போட்ட அன்றோடு விட்டுவிடுவார். "அவள் இன்னும் அந்த மாமியின்ரை வீட்டிலைதான் நிக்கிறாள் பிள்ளை. சண்டை தீரேல்லை. அப்பிடியே விட்டிட்டு வந்திட்டன்" என்று, ஏதோ சொந்தக்காரப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர்போலச் சொல்வார். மத்தியான வேலை முடிந்து வந்து நான் பாயில் கிடக்கும்போது, கடற்காற்றில் யன்னல் சீலை ஊதி ஊதி அடங்கும். அரைத்தூக்கத்தில் எனக்கும் அந்தப் பெண் எங்கேயோ ஒரு வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். அந்த வீட்டில் நேரம் அப்படித்தான் ஓடியது. எதுவும் முடியாது.

ஒருமுறை அவருக்கு இரத்தம் சோதித்து முடிவை நானே கொண்டுவந்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"சாகிற வருத்தமோ?"

"இல்லை."

"அப்ப சொல்லாதை."

அன்றிலிருந்து தேத்தண்ணியில் சீனி போடாமல் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓம், விளங்குது" என்று மிச்சத்தையும் குடித்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

வீட்டு முன்வாசல் கேற் பழைய இரும்பு. திறந்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கிரீச்சிடும். இரவு வேலைக்குப் போகிற எனக்கு அந்தச் சத்தம் வெட்கம். ஒருநாள் பிணைச்சலுக்கு எண்ணெய் விடப் போனேன். அன்ரி ஓடிவந்து போத்தலைப் பறித்தார். அவர் என்னோடு கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"விசரே உனக்கு? இந்தச் சத்தம் இல்லாட்டி ஆள் வந்தது எப்பிடித் தெரியும்?"

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. அவருடைய கணவர் சண்டைக் காலத்தில் வன்னிப் பக்கம் போனவர், திரும்பி வரவில்லை. ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அன்ரிக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். காணாமற்போனவர்களைப் பற்றிய விசாரணைக்கு ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். காலையிலிருந்து மண்டபத்தில் பொறுமையாக இருந்தார். பக்கத்தில் இருந்த பெண்களுக்கு விசிறிவிட்டார். அவருடைய பெயரைக் கூப்பிட்டபோது கதிரை வெறுமை. வெளியே வேப்ப மரத்தடிப் பைப்பில் போத்தலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேர் கூப்பிட்டவை அன்ரி."

"கேட்டது. வா, பஸ் போயிடும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. லீவு போட்டுவிட்டு வந்தவள் நான். பஸ்ஸில் அவரோடு கதைக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நெல்லியடியில் பஸ் நின்றபோது ஒரு சரை கச்சான் கடலை வாங்கி என் மடியில் வைத்தார். ஊர் வரும்வரை இரண்டு பேரும் கச்சான் உடைத்துக்கொண்டு வந்தோம்.

இப்படிப்பட்ட மனுஷிக்குப் பிறந்த ஒரே பிள்ளை, முடிவையும் சாதனையையும் நாள்தோறும் எண்ணுகிற ஒரு விளையாட்டுக்குள் போய் விழுந்தது. மகள் பெயர் அபி. பத்து வயதில், லண்டனில் இருந்த தாய்மாமனிடம் அனுப்பப்பட்டவள். அன்ரிக்கு விசா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அந்தக் கேற்றை விட்டுப் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். மாமனுக்கு ஒரு கோல்ஃப் கழகத்தின் குசினியில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, அவர் வேலை முடியும்வரை அங்கே நின்று, யாரோ கொடுத்த பழைய மட்டையால் பந்தை அடித்துப் பழகியிருக்கிறாள். நான் அன்ரி வீட்டுக்கு வந்த காலத்தில் அவள் கல்லூரிப் பெண்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்த மைதானத்தின் படத்தை முதலில் காட்டியபோது அன்ரி கேட்ட கேள்வி இதுதான்: "உவ்வளவு புல்லையும் மாடு விடாமலோ வைச்சிருக்கினம்?"

போட்டி நடக்கும்போதே யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று போனில் வந்துகொண்டிருக்கும். அங்கே காலை என்றால் இங்கே பின்னேரம். பார்க்கிற வேலை எனக்கு. அன்ரி தானே ஓர் ஒப்பந்தம் போட்டார். "நான் கிணத்தடியிலை நிப்பன். நல்லதெண்டா கேற்றைத் திற. இல்லையெண்டா ஒண்டும் செய்யாதை. நானும் கேக்கமாட்டன்."

முதல் தடவை நான் பண்ணிய கூத்து இருக்கிறதே! அபியின் பெயருக்கு நேரே ஒரு கூட்டல் குறியும் எண்ணும் நின்றன. நேரம் போகப் போக எண் ஏறியது. வேறு சில பிள்ளைகளுக்குக் கழித்தல் குறி, அதுவும் சிவப்பில். பள்ளிக்கூட ரிப்போட்டில் சிவப்பு மை என்றால் பெயில் என்று வளர்ந்தவள் நான். பாவம், ஆர் பெத்த பிள்ளையளோ என்று அவர்களுக்காக இரங்கினேன். நம்முடைய பிள்ளை எல்லாரையும்விடக் கூட எடுத்துவிட்டாள்! ஓடிப்போய்க் கேற்றின் இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். அன்ரி வாளியை அப்படியே போட்டுவிட்டு, ஈரச் சேலையை மாற்றிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்.

விளக்கு வைக்கும் நேரம் அபி போன் எடுத்தாள். ஒரே அழுகை. கடைசி ஆளாக வந்திருக்கிறாள். அந்த விளையாட்டில் பந்தைக் குறைந்த தடவை அடித்துக் குழிக்குள் விழுத்துகிறவள்தான் வெல்கிறாளாம். கூடக் கூட நாசம். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்ரி வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். "கண்டறியாத விளையாட்டு! குறையக் குறைய நல்லதெண்டா அதை முதலே சொல்ல வேண்டாமோ? பிள்ளையாருக்கும் ஒண்டும் விளங்கியிருக்காது." உடைத்த தேங்காயில் இரவு சம்பல் இடித்தோம்.

அதன் பிறகு நான் ஒழுங்காகப் பார்க்கப் பழகினேன். கேற் சில பின்னேரங்களில் கிரீச்சிட்டது, பல பின்னேரங்களில் பேசாமல் கிடந்தது. பேசாமல் கிடந்த நாட்களில் அன்ரி உள்ளே வந்து, "இண்டைக்குக் கீரை கடையட்டோ?" என்று மட்டும் கேட்பார். நாளடைவில் அபி நன்றாக வந்துவிட்டாள். அவளுடைய கல்லூரியில் எந்தப் பெண்ணும் அதுவரை எடுக்காத குறைந்த எண்ணை ஒருநாள் எடுத்தாள். அந்தச் சாதனையோடு அவளுடைய பெயரைக் கல்லூரியில் ஒரு பலகையில் தங்க எழுத்தில் எழுதினார்கள்; அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கேற்றைத் திறந்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

"பாருங்கோ அன்ரி, பேர் எழுதியிருக்கினம்!"

"கேற் திறந்தது கேட்டது. அதுவே காணும்."

"ஒருக்காப் பாருங்கோவன்."

"பேர் எழுதின பலகை எனக்கு வேண்டாம் பிள்ளை. எழுதினா முடிஞ்சுது." வாளியைத் திரும்பவும் கிணற்றுக்குள் விட்டார். நான் படத்தை மூடிவிட்டேன்.

அவருக்குப் பிடித்தது வேறு. பந்து ஆகாயத்தில் போகிற படம். அபி எப்போதோ அனுப்பிய சின்ன வீடியோ ஒன்றில் அவள் அடிக்க, வெள்ளைப் பந்து எழும்பி, மேகத்துக்குள் புள்ளியாகிவிடும். விழுவதற்கு முன் வீடியோ முடிந்துவிடும். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். பின்னேரத் தூக்கத்தில் அது கனவாகவும் வரும்.

"நேற்றும் கண்டனான். புல்லுக்குள்ளாலை பையைத் தூக்கிக்கொண்டு போறாள். நான் பின்னாலை போறன். காலிலை செருப்பில்லை, புல்லுக் குளிருது. அவள் அடிக்கிறாள். பந்து மேலை போனது வரேல்லை. நானும் அவளும் அண்ணாந்து பாத்தபடி நிக்கிறம்."

"பிறகு?"

"பிறகென்ன, முழிச்சிட்டன்." முகம் முழுக்கச் சிரிப்பு. "பந்து மேலை நிக்கேக்கை ஒருத்தரும் தோக்கேல்லைப் பிள்ளை."

எனக்கு அந்த நேரம் வன்னிப் பக்கம் போன மனுஷனின் நினைவுதான் வந்தது. பாயைச் சுருட்டி வைத்தேன்.

அபியின் படிப்பு முடிகிற வருஷம். கல்லூரிப் பெண்களுக்கான பெரிய போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது போன் எடுத்தாள். விறாந்தையில் நானும் அன்ரியும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். போனைச் செம்பில் சாத்தி வைத்தேன்.

"அம்மா, இது கடைசி. இனி வேலைக்குப் போயிடுவன், விளையாட ஏலாது. எல்லாற்றை அம்மாவும் வந்து கயித்துக்கு அங்காலை நிக்கிறவை. மாமா போனைப் பிடிச்சுக்கொண்டு கூட வருவார். நீங்கள் ஒருக்கா நில்லுங்கோ."

"நான் பாத்தா நீ தோத்துப் போவாய். எனக்குத் தெரியும்."

"தோத்தாத் தோக்கிறன்."

"விசர்க் கதை கதையாதை."

அபி மெதுவாகச் சொன்னாள். "லண்டனுக்கு அனுப்பின அண்டைக்கு, என்னை ஏத்தின வான் வெளிக்கிடேக்கை திரும்பிப் பாத்தனான் அம்மா. கேற்றடியிலை ஒழுங்கைச் சனம் முழுக்க நிண்டது. நீங்கள் மட்டும் இல்லை. சந்தி திரும்பும் மட்டும் பாத்தனான்."

அன்ரியின் கை கீரையில் நின்றுவிட்டது. "நான் கிணத்தடியிலை நிண்டனான்" என்றார்.

"தெரியும். வாளிச் சத்தம் கேட்டது."

போன் வைத்த பிறகு அன்ரி எழும்பவில்லை. உருவிய கீரையையே திரும்பவும் உருவிக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பிள்ளை வானுக்குள் இருந்து வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறது. இந்தத் தடவையும் இந்த மனுஷி கிணற்றடிக்குப் போனால், அந்தப் பிள்ளை இனி ஒருக்காலும் திரும்பிப் பார்க்காது என்று நான் பயந்தேன்.

போட்டியின் கடைசி நாள் பின்னேரம், விறாந்தையில் போனைப் பிடித்தபடி நான் இருந்தேன். அன்ரி எனக்குப் பின்னால், பாதி திரும்பிய வாக்கில், வாசற்படியில். அந்த மைதானமும் கடற்கரையில்தான். போனுக்குள் காற்று இரைந்தது, இங்கேயும் காற்று இரைந்தது, எது எங்கத்தைய காற்று என்று பிரிக்க முடியாமல் இருந்தது. தூரத்தில் அபி தொப்பியோடு சின்னதாக நடந்தாள். அவளும் இன்னொரு பெண்ணும்தான் முன்னுக்கு. மற்றவள் ஆட்டத்தை முடித்துவிட்டாள். அபிக்குக் கடைசிக் குழிக்குள் பந்தை விழுத்துவது மட்டும் மிச்சம்.

மாமன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அக்கா, இது விழுந்தா ரண்டு பேரும் சமன், திரும்ப விளையாடுவினம். விழாட்டி முடிஞ்சுது. சத்தம் போடாதையுங்கோ."

முடிஞ்சுது என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, அன்ரி எழும்பிவிட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"போங்கோ. போய் வாழைக்குத் தண்ணி ஊத்துங்கோ. அண்டைக்கும் ஊத்தினனீங்கள்தானே!"

அவர் முற்றத்தில் பாதி வழி போய்விட்டார். அங்கேயே நின்றார். கிணற்றையும் பார்த்தார், கேற்றையும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து என் கையிலிருந்த போனை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை.

அபி குனிந்தாள். அடிப்பதற்கு முன் நிமிர்ந்து, மாமன் நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அன்ரி வலது கையை உயர்த்தி ஆட்டினார். அங்கே நிற்கிறவளுக்கு இங்கத்தைய கை தெரியாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பந்து உருண்டது. மெல்லமாக, நேராகத்தான் போனது. அன்ரி கண் மூடவில்லை, நான்தான் மூடினேன். திறந்தபோது பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வெளியே வந்து, அதற்குப் பக்கத்தில் நின்றது.

போனுக்குள் யாரோ கைதட்டினார்கள். மற்றப் பெண்ணுக்கு. அன்ரி பார்த்துக்கொண்டே நின்றார். அபி அந்தப் பந்தைத் தட்டி உள்ளே விழுத்தினாள். எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டாள். தொப்பியைக் கழற்றி, போய் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். தன் தோளில் மூக்கைத் துடைத்தாள். பையைத் தூக்கினாள், நடந்தாள்.

"உங்கை பார், நடக்கிறாள்" என்றார் அன்ரி, ஆச்சரியப்பட்டவராக. "தோளிலைதான் இன்னும் மூக்குத் துடைக்கிறாள்."

கொஞ்ச நேரத்தில் அபி மாமனிடமிருந்து போனை வாங்கினாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, தோத்திட்டன்."

"தெரியும். பாத்துக்கொண்டு நிண்டனான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"நான் அடிக்க முதல் திரும்பிப் பாத்தனான்."

"கண்டனான் பிள்ளை. கை காட்டினனான்."

அபி அழுதாள். விக்கி விக்கி, சின்னப் பிள்ளைபோல. பின்னால் மாமன், "ரண்டாவதெண்டாலும் பெரிய விஷயம்தானே, ஏன் அழுகிறாய்?" என்று தேற்றுவது கேட்டது. "மாமா, நீங்கள் சும்மா இருங்கோ" என்று அழுகைக்குள்ளேயே சிரித்தாள். அன்ரி போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, அவள் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு போனை என்னிடம் தந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கிணற்றடியில் வாளி காய்ந்துபோய்க் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"பிள்ளை."

"என்ன அன்ரி?"

"கேற்றைத் திற."

"தோத்ததுக்கோ?"

"திற, பிள்ளை. ரண்டு கதவையும் திற."